எந்தக் குடி

கொழும்பில் அந்தக் காகிதத்தைப்
பென்சிலால் நிரப்பினார் டொக்டர்.
சதுரம் ஆண், வட்டம் பெண்,
வலிப்பு உள்ளவருக்கு உள்ளே கறுப்பு.
"குடும்பத்தில யாருக்காவது குடி இருக்கா?"
"எல்லாருக்கும் இருக்கு" என்றேன்.
"எனக்கும் பிள்ளைக்கும் சாத்தாம்போடி குடி.
அவருக்கு வேற. தாய் வழியாத்தான் இறங்கும்."
பென்சில் நின்றது.
பவளேந்திரன்தான் முதலில் சிரித்தான்.
அவன் பல்லைப் பார்த்துப் பதினொரு மாதம்.

ஏழாம் மாதம், காய்ச்சலில், ஒரு பின்னேரம்
கிதுஷனின் இடது கை மட்டும்
யாரோ கதவைத் தட்டுவதைப்போல
ஒரே சீராக.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, பிறகு மட்டக்களப்பு,
பிறகு மாதம் இரண்டு தரம்.
இரண்டரை வயதில் வந்த சொற்கள் திரும்பிப் போயின.
'தண்ணி' கடைசியாய்ப் போனது.
பெயர் சொன்னால் திரும்பாதவன்
மருந்துப் பாணிப் போத்தலின் மூடி திருகும் சத்தத்துக்கு
மூன்று அறை தாண்டி ஓடிவருவான்.

இரண்டு நோயா என்று கேட்டேன்.
ஒரே வேராக இருக்கலாம் என்றார்கள்.
வலிப்பா மற்றதைக் கொண்டுவந்தது?
இல்லாமலும் இருக்கலாம்.
'லாம்' என்று முடியும் சொற்களை
அந்த வருடம்தான் வெறுக்கத் தொடங்கினேன்.

"உன்ட குடிக்குள்ளதான் ஆரோ மறைச்சிருக்காங்க."
வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் இருந்து வந்த வார்த்தை.
நான் விடுவேனா?
"குளிக்கப் போய்த் தாண்டாரே உங்கட பெரியப்பா,
இடுப்பளவு தண்ணியில.
அது என்னவாம்?"
செத்தவர்களை இரண்டு கரையிலும் தோண்டினோம்.
ராவில் தோண்டினோம், பிள்ளை தூங்கிய பிறகு.

இரத்தம் இந்தியாவுக்குப் போனது.
அதற்கு முன் என் காப்பு இரண்டும் போனது.
ஐந்து மாதம்.
நரம்புக்குள் உப்பு நுழையும் வாசல் என்றார்,
அதைச் செய்யும் குறிப்பில் ஓரிடம் பிசகு என்றார்,
அடக்கவேண்டிய நரம்புகளில் வாசல் சரியாகத் திறப்பதில்லை,
அதனால் மற்றவை அடங்குவதில்லை.
தலையாட்டினேன்.
முகத்துவாரம் வெட்டாத மாரியில்
எங்கள் குசினிக்குள் வெள்ளம் நின்றிருக்கிறது.

"அப்பாட்ட இல்ல. அம்மாட்டயும் இல்ல.
பிள்ளையில புதுசா நேர்ந்தது."

அடுத்த பிள்ளைக்கு?
"நூற்றுக்கு ஒன்று, இரண்டு. பூச்சியம் எண்டு எழுதித் தரமாட்டன்."

திரும்பும் பஸ்ஸில்
பொலன்னறுவை தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை.
ஏசுவதற்கு ஆளில்லை.
மன்னிக்கவும் ஒன்றுமில்லை.
இத்தனை நாள் அந்தச் சண்டையில்தான்
சாய்ந்து நின்றிருக்கிறோம் போல.
வெலிக்கந்தையில் அவன் ஒரு சோளம் வாங்கினான்,
பாதியை முறித்து என் மடியில் வைத்தான்,
ஜன்னலைப் பார்த்தான்.

நேற்று மண்டூர்ப் பாதை.
நடு வாவியில் வந்தது.
எஞ்சினை நிறுத்தினார்கள்.
மோட்டர் சைக்கிள்காரர் ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார்:
"இரும்பு, இரும்பு, கையில குடுங்க!"
வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.
இடப்பக்கம் சரித்தேன்.
வாயைத் திறக்க வந்த விரலைத் தட்டிவிட்டேன்.
கடிகாரம்:
ஒரு நிமிடம் ஐம்பது.

குடை பிடித்திருந்த மனிசி குனிந்து கேட்டா,
"எந்தக் குடி மனே நீங்க?"
சொல்ல வாயெடுத்தேன்.
"நான் சாத்தாம்போடி. இவன்... இவனோடதான் தொடங்குது."
அவவுக்கு விளங்கவில்லை.
குடையை மட்டும் எங்கள் பக்கம் சாய்த்தா.

கண் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மடியில் கிடந்த சாவிகளைப் பார்த்தான்.
வளையத்தில் ஒவ்வொன்றாய்த் தள்ளித் தள்ளி
நீளத்துக்கு ஏற்ப அடுக்கத் தொடங்கினான்.
பாதை கரை தட்டியது.
எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.
மோட்டர் சைக்கிள்காரர்
ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்,
ஆறாவது சாவி
அதன் இடத்துக்கு வரும்வரை.